சோப்பு நுரைக்காத ஊர்

ஜனவரி 20, தரங்கம்பாடி

வந்து சேர்ந்தோம். மில்லிலிருந்து வருஷா வருஷம் இவருக்கு ஒரு டைரி வரும். ஓய்வு பெற்ற பிறகும் வருகிறது. பால்காரர் வராத நாளைக் குறித்து வைக்கத்தான் இதுவரை அது எனக்குப் பயன்பட்டது. இந்த ஊரில் வாயாட ஆள் கிடையாது என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இவர் மில் ஸ்டோர்ஸில் மேனேஜராக இருந்தவர். காரில் சாமான் ஏற்றியதைப் பார்த்தவர்கள் நாங்கள் கோயமுத்தூரையே காலி செய்துகொண்டு போவதாக நினைத்திருப்பார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், ஐந்து லிட்டர் குக்கர், கொசுவத்தி, போதாக்குறைக்குக் கேன் கேனாகச் சிறுவாணித் தண்ணீர். கடற்கரைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு போன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். நான் சிரித்தேன். "அந்த ஊர்த் தண்ணியக் குடிச்சுப்போட்டு வகுத்தப் புடிச்சுட்டு உக்காந்துக்குவீங்க ரெண்டு பேரும்," என்றார்.

வீடு இவருடைய மில் நண்பருடையது. பூட்டித்தான் கிடக்கிறது, மார்ச் வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வாசலில் நின்றால் கடல்.

எதற்கு வந்திருக்கிறோம் என்பதை இங்கேயாவது உள்ளபடி எழுதிவிடுகிறேன். என் மகள் தாரணி தீபாவளிக்குக் கரூரிலிருந்து வந்தவள், மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கேட்டால், "எனக்கு அங்க முடியலம்மா" என்பதோடு சரி. அடித்தானா, இல்லை. குடிக்கிறானா, இல்லை. சொந்தக்காரர்களின் வாயை மூட முடியவில்லை. வழியில் திருச்சிப் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். தாரணி காரில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் என்னைத் தள்ளிக் கூட்டிப் போய்ச் சொன்னார்: "மாசி முடியறதுக்குள்ள அவளே 'போறேன்'னு சொல்லோணும். நான் சொன்னா ஏட்டிக்குப் போட்டி பேசுவா. நீ பக்குவமா எடுத்துச் சொல்லு." சரீங்க என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்க தோஷம், உப்பையும் மஞ்சளையும் முதலில் எடுத்து வைத்துப் பாலைக் காய்ச்சிவிட்டேன். பொங்கியும் வழிந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற தில்லையம்மாள் எட்டிப் பார்த்தாள். "குடியே வந்துட்டீங்களாம்மா? லீவுக்குன்னுல்ல சொன்னாங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. லீவுக்கு வந்த வீட்டில் எவளாவது பால் காய்ச்சுவாளா? தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அதற்காக இன்னொரு முறைகூடக் காய்ச்சலாம்.

இன்று ராத்திரி திருச்சியில் அக்கா வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று இவர் உடனே கிளம்பிவிட்டார். கூடமெல்லாம் மணல். தாரணி விளக்குமாற்றை எடுத்தாள், நான் பிடுங்கி வைத்தேன். ஊருக்குப் போனவர் போய்ச் சேருகிற வரைக்கும் வீட்டைப் பெருக்கக் கூடாது. அவர் போய்ச் சேர்ந்தேன் என்று போன் செய்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகு எங்கே பெருக்குவது? மணலிலேயே பாயை விரித்துப் படுத்தோம்.

ஜனவரி 22

குழாய்த் தண்ணீர் ஒரே உப்பு. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரைப்பேனா என்கிறது. துண்டைப் பிழிந்தால் திரிதிரியாக வெள்ளையாக வருகிறது.

சாயங்காலம் போன். "சொல்லிப்போட்டியா?"

"எங்கீங்க. தண்ணி உப்பு. சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. துணியோட மல்லுக்கட்டறதுக்கே பொழுது போயிருச்சு."

ஜனவரி 23

தீப்பெட்டி நமுத்துவிட்டது. இன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 27

உப்பு ஜாடியில் உப்பு இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. காற்று அப்படி. தில்லையம்மாள் நாலு அரிசியைப் போட்டு வைக்கச் சொன்னாள். போட்டேன். இப்போது அரிசி ஊறிய உப்புத்தண்ணீர் இருக்கிறது.

தாரணியின் சோப்பு தேய்ந்து தேய்ந்து காகிதம் மாதிரி ஆகிவிட்டது. "அம்மா, புதுசு ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? எடுத்துக்கோ."

எடுத்தவள், அந்தப் பழைய துணுக்கைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைத்துத்தான் தேய்த்தாள். மாமியார் வீட்டில் சிக்கனம் பழகியிருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இவரிடமும் போனில் சொன்னேன். "பாத்தியா? நல்ல குடும்பம்னு நான் அப்பவே சொன்னேன்," என்று குதித்தார்.

பிப்ரவரி 1

இவர் கட்டிக் கொடுத்த சோப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. நுரைக்காத ஊரில் சோப்பு எத்தனை நாளைக்கு வரும்? நானே கடைக்குப் போனேன்.

கல்யாணமானதிலிருந்து மாதச் சாமான் இவர்தான் வாங்கிப் போடுகிறார். மொத்தக் கடையில், முதல் தரமாக. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இன்னது தீர்ந்துவிட்டது என்று சொல்வது மட்டும்தான் என் வேலை.

கடைத்தெரு அண்ணாச்சி, "என்ன சோப்பு வேணும்மா?" என்றார்.

"குளிக்கற சோப்புங்க."

"அது சரிம்மா. எது? சந்தனம் இருக்கு, மஞ்ச இருக்கு, வேம்பு இருக்கு, ரோஸ் இருக்கு."

நான் திருதிருவென்று முழித்தேன். இது என்ன கேள்வி, இதற்குப் பதில் தெரியாமல் ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "வாசம் பாத்து எடுங்க, அவசரமில்ல," என்று எல்லாவற்றையும் முன்னால் பரப்பிவிட்டார் அந்த மனிதர். ஒவ்வொன்றாக முகர்ந்தேன். பின்னால் நின்றவர்கள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் வேம்பு. பச்சை நிறம், கொஞ்சம் கசப்பு வாசனை. வரும் வழியெல்லாம் கையை முகர்ந்துகொண்டே வந்தேன்.

பிப்ரவரி 4

"தேங்காயெண்ணெய் எடுத்துக்கட்டுமா?" "இன்னொரு வெங்காயம் நறுக்கட்டுமா?" "கொசுவத்தி ஏத்தட்டுமா?" காலையிலிருந்து இதே பாட்டு.

கல்யாணத்துக்கு முன்னால் எண்ணெய்ப் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாளே, அந்தப் பெண்ணா இவள்? சிக்கனம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். சிக்கனக்காரி குறைத்து எடுப்பாள், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டு நிற்க மாட்டாள். எனக்கு இது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 5

"சொல்லிப்போட்டியா?"

"கேஸ் தீந்துபோச்சுங்க. சமையல் நடுவுல. தில்லையம்மா வூட்டு அடுப்புல சோறு வடிச்சுட்டு வந்தேன்."

"கேஸ் தீந்ததுக்கும் வாயத் தொறக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

லைன் சரியில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 9

காலையில் குளியலறைக் கதவை ஒருக்களித்து, தாரணி மெல்லிய குரலில், "அம்மா, வெளிய போனா பேடு வாங்கிட்டு வர்றியா? முடிஞ்சாப் போதும். இல்லாட்டி துணி வெச்சுக்கறேன்," என்றாள்.

"என் பர்ஸ் அலமாரில இருக்குது. நீயே போய் வாங்கிக்கோ."

வந்து அலமாரி முன்னால் நின்றாள். கதவில் கை வைக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "தொறக்கட்டுமா?" என்றாள். அலமாரிக்குப் பூட்டுகூடக் கிடையாது.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டேன். "அங்க என்னதான் கண்ணு நடந்துச்சு?"

கொஞ்ச நேரம் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த வீட்டுல சாமான் அலமாரிக்குப் பூட்டு இருக்கும்மா. சாவி அத்தை இடுப்புல. சோப்பு, ஷாம்பு, எண்ணெய், எல்லாமே கேட்டாத்தான் வரும். குடுக்க மாட்டாங்கன்னு இல்ல. குடுப்பாங்க. 'போன வாரந்தானே குடுத்தேன்'னு சொல்லிட்டுக் குடுப்பாங்க. அவருகிட்டச் சொன்னா, 'அம்மாகிட்டக் கேளு, இதுல என்ன இருக்குது'ம்பாரு. நான் மறுபடி வேலைக்குப் போறேன்னேன். 'உனக்கு இங்க என்ன கொறைச்சல்'ன்னு கேட்டாங்க. ஒரு நாள் மாமா சாப்பிட்டுட்டு இருக்கறப்பவே பேடு கேக்க வேண்டியதாப் போச்சு. 'இந்த மாசம் சீக்கிரமே வந்துருச்சா'ன்னு அத்தை அவரு முன்னாடியே சத்தமாக் கேட்டாங்க. ரூமுக்கு வந்து உக்காந்து யோசிச்சேன். சாகற வரைக்கும் நான் இப்படிக் கேட்டுட்டே இருக்கணுமா?"

நான் அவள் தலையைத் தடவினேன். முடி உப்புத் தண்ணீரில் நாராக இருந்தது.

"இதப் போயி அப்பாகிட்ட எப்படிம்மா சொல்றது? 'சோப்புக்காகவா வந்தே'ம்பாரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 10

துணி துவைத்தேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 12

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சோப்புக்காகவா ஒருத்தி புருசன உட்டுப்போட்டு வருவா?" என்றார். பெற்ற மகள் அப்பனை அட்சரம் பிசகாமல் தெரிந்து வைத்திருக்கிறாள்.

வாய்வரைக்கும் ஒன்று வந்தது. விழுங்கிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15

ஐந்து லிட்டர் குக்கரின் கேஸ்கட் தளர்ந்துவிட்டது மாதிரி இருக்கிறது. விசில் சரியாக வருவதில்லை. தாரணி, "நல்லாத்தானேம்மா வருது" என்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். மாயவரம் போய் இரண்டு லிட்டரில் ஒன்று வாங்கினேன். பெரியது கடையில் இல்லை. நான் கேட்டிருந்தால் உள்ளேயிருந்து எடுத்து வந்திருப்பார்களோ என்னவோ, கேட்கவில்லை.

எந்த நிறக் கைப்பிடி வேண்டும் என்று தாரணியைக் கேட்டேன். "எதானா சரி" என்றாள். எதானா என்று ஒரு நிறம் இந்த உலகத்தில் கிடையாது என்றேன். கடைக்காரர் பொறுமையானவர். ரொம்ப நேரம் கழித்து, "நீலம்," என்றாள்.

பிப்ரவரி 18

வாளி, மக்கு, தோசைக்கல், சின்னக் காபி ஃபில்டர், கொடிக்கயிறு, கிளிப், ஒரு புது விளக்குமாறு. எல்லாம் இந்த வீட்டுக்குத் தேவைதான். இருக்கிற விளக்குமாறு மணலை அள்ளுவதே இல்லை. ஆனால் புதியதைப் பிரிக்க மனம் வரவில்லை, கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்.

தில்லையம்மாள் பார்த்துவிட்டு, "என்னம்மா, கல்யாணப் பொண்ணுக்குச் சீரு அடுக்குற மாதிரில்ல அடுக்குறீங்க!" என்றாள். உனக்கு வேறு வேலை இல்லையா என்று கடிந்துகொண்டேன். பிறகு அவளுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தேன். புது ஃபில்டரில் காபி ஒருவருக்குத்தான் இறங்குகிறது. நான் குடிக்கவில்லை.

பிப்ரவரி 21

தாரணி விடிந்ததும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாள். கல்யாணத்துக்கு முன்னால் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிற வேலை பார்த்தவள் அவள். கூட வேலை பார்த்த தோழி இப்போது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம், வரச் சொல்லியிருக்கிறாள். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது.

"கெடச்சிருச்சும்மா. மார்ச் ரெண்டாந்தேதி மத்தியானம் சேரச் சொல்லிருக்காங்க. மாடில ஒரு ரூமும் பாத்துட்டேன். ஒரே ரூமு, ஜன்னல் பெருசு."

இவர் போன் செய்தபோது, "அவ எங்க?" என்றார். கடலைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன். பொய்தான். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 25

"இனி உன்ன நம்பிப் பிரயோசனமில்ல," என்றுதான் இவர் ஆரம்பித்தார். "மார்ச் ரெண்டு நல்ல நாளாம். மாப்பிள்ளையும் சம்பந்தியும் வர்றாங்க. நானும் அவங்களோடயே வந்தர்றேன். அங்கிருந்தே கரூருக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். அவ துணிமணிய எடுத்து வெச்சுரு."

"ஏனுங்க, நீங்க மட்டும் வாங்க."

"என்ன?"

"நீங்க மட்டும் வாங்கன்னு சொன்னேன்."

"அங்க இப்ப என்ன இல்லாமப் போச்சு? கேஸா, தண்ணியா?"

"கேஸ் இருக்குது. தண்ணி இருக்குது. எல்லாமே இருக்குதுங்க. அவ அங்க போகமாட்டா. நானும் போகச் சொல்ல மாட்டேன்."

நானே முதலில் போனை வைத்தேன். இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை. தாரணி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குதாம்மா?" என்றாள். "ஆமா," என்றேன்.

பிப்ரவரி 27

போன் இல்லை.

பிப்ரவரி 28

போன் இல்லை. நானும் செய்யவில்லை. மனுஷனுக்கு ரத்தக் கொதிப்பு வேறு. மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கினாரோ என்னவோ.

மார்ச் 2

தில்லையம்மாளின் அக்கா மகன் கடலூருக்கு வேன் ஓட்டுகிறான். பாண்டிச்சேரிவரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். நீலக் கைப்பிடிக் குக்கர், தோசைக்கல், ஃபில்டர், வாளி, புது விளக்குமாறு, எல்லாம் ஏறின. கல்யாணத்துக்கு லாரியில் ஏற்றிய சீர் கரூரில் பூட்டிக் கிடக்கிறது. இது அவ்வளவு பெரிதில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் முகர்ந்து, தட்டிப் பார்த்து நான் வாங்கியது.

அடுப்படியில் தாரணி கரண்டியைக் கையில் எடுத்து, "அம்மா, இத எடுத்துக்க..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டாள். நான் வெங்காயம் நறுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உப்புப் பொட்டலத்தையும் மஞ்சளையும் தனிப் பையில் கட்டிக் கொடுத்து, "போனதும் மொதல்ல இத உள்ள வெச்சுப்போட்டு, பாலக் காய்ச்சு," என்றேன்.

"ஒரு மாடி ரூமுக்காம்மா?"

"லீவு வீட்டுக்கே காய்ச்சினோம்."

அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். மணி பத்தாகியும் கார் வரவில்லை. அதற்கு மேல் வேன்காரனால் நிற்க முடியாது. கடைசியாக ஓடிப் போய்க் கடலில் காலை நனைத்துவிட்டு, ஈரக் காலோடு கூடத்துக்குள் வந்து பையை எடுத்தாள். "போயிட்டு வர்றேம்மா," என்றாள். வேன் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து இவர் வந்தார். காரில் வேறு யாரும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் கதவைவிட்டு நகர்ந்து வழி விட்டேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. டிக்கியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார். பெட்டி நிறையச் சந்தன சோப்பு.

"மொத்தக் கடையில சொல்லி எடுத்தேன்," என்றார். "வருசத்துக்குக் காணும். அவ ரூமுலயே வெச்சுக்கட்டும். யாருகிட்டயும் கேக்க வேண்டாம். தீந்துச்சுன்னா மறுபடி நான் கொண்டுபோய்க் குடுக்கறேன். சம்பந்திகிட்டயும் பேசிட்டேன், அவங்க ஒண்ணும் சொல்லல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு நாளாக இந்த மனுஷன் சும்மா இருக்கவில்லை. யோசித்து யோசித்து இதைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

"எங்க அவ?"

"பாண்டிச்சேரிக்குப் போயிட்டாளுங்க. கண் ஆஸ்பத்திரில வேலை. இன்னைக்கு மத்தியானம் சேரோணும். உங்களப் பாத்துட்டுப் போறேன்னு வாசலையே பாத்துட்டு நின்னா. நேரமாயிருச்சு."

பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கோபம் வந்தால் இவருக்கு எதையாவது ஒழுங்குபடுத்தியாக வேண்டும். எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். "என்ன வூடு இது, ஒரே மண்ணு," என்று மூலையிலிருந்த பழைய விளக்குமாற்றை எடுத்துக் குனிந்தார்.

"பெருக்காதீங்க!" என்று கத்தியேவிட்டேன். "புள்ள இன்னும் போய்ச் சேரல."

குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். அவர் காலடியிலிருந்து வாசல்வரைக்கும் தாரணியின் கால் தடங்கள், ஈரம் காய்ந்து மணல் மணலாக. அவற்றையே பார்த்தார். இன்றைக்கு அவர் அதையும் மீறிப் பெருக்கியிருந்தால் எங்கள் வீட்டில் எல்லாமே அதோடு முடிந்திருக்கும். விளக்குமாற்றைக் கொண்டுபோய் மூலையில் சாய்த்து வைத்தார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவர், சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனார். ஒரு தடத்தைக்கூட மிதிக்கவில்லை.

சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். மத்தியானம் போன் அடித்தது. போய்ச் சேர்ந்துவிட்டாளாம், சாமானை இறக்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் வேலையில் சேர்ந்துவிட்டாளாம், சாயங்காலம் பால் காய்ச்சுவாளாம். இவர் கையை நீட்டினார். "குடு."

போனைக் காதில் வைத்துக்கொண்டார். "போய்ச் சேந்தியா கண்ணு?" என்றார். அப்புறம் பெட்டியைப் பார்த்தார். "ஏங்கண்ணு, நீ என்ன சோப்பு போடுவே?"

இவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. அவள் என்னவோ சொன்னாள். "சரி கண்ணு. சரி," என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"அவளுக்குச் சந்தன சோப்பு ஆகாதாம்," என்றார் என்னிடம். "ஒடம்பெல்லாம் அரிக்குமாம். சின்னப் புள்ளைலருந்தேயாம். நம்மூட்டுல எப்பவும் அதுதானே வாங்கிப் போட்டேன்? அவளும் சொல்லல, நீயும் சொல்லல."

"நீங்க கேக்கலீங்களே."

அவர் வாசலில் போய் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் கடலைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மார்ச் 3

காலையில் எழுந்ததும் கூடத்தைப் பெருக்கினேன். சந்தன சோப்புப் பெட்டி தில்லையம்மாள் வீட்டுக்குப் போகிறது. அவள் பேரன் பேத்திகளுக்கு ஒரு வருஷத்துக்கு நுரைக்காது.

ஊருக்குப் பாண்டிச்சேரி வழியாகப் போகலாம் என்கிறார். கோயமுத்தூர் எந்தத் திசை, பாண்டிச்சேரி எந்தத் திசை! "அதெல்லாம் வழிதான்," என்கிறார். நான் வாதாடவில்லை.

தாரணி சொன்ன சோப்பை வாங்கிவர அண்ணாச்சி கடைக்குக் கிளம்பினார். படியிறங்கிச் செருப்பும் மாட்டியாகிவிட்டது. என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து வாசற்படியில் நின்று, "உனக்கு?" என்றார்.

வேம்பு. பச்சை நிறம், கொஞ்சம் கசப்பு வாசனை. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று, "யோசிச்சுச் சொல்றேனுங்க," என்றேன்.